'வித்தியாசம் இல்லை' என்றால் என்ன? காசநோய் சொல்லிக்கொடுத்த ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடம்

உங்க இடது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே தொட்டுப் பாருங்க. பெரும்பாலானவங்களுக்கு அங்கே ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கும். குழந்தையா இருக்கும்போது போட்ட பி.சி.ஜி. ஊசியோட தடம் அது. காசநோய்க்கான தடுப்பூசி. இந்தத் தழும்புக்கும், பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர்ல வர்ற ஹைப்பாதிஸிஸ் டெஸ்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் இந்த எபிசோட்.

தட்டாஞ்சாவடியில எங்க தெருவுல பி.பி.ஏ. படிக்கிற தம்பி ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, கணக்கு எனக்கு வந்துடுது. கடைசியில 'இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்'னு எழுதினா மார்க் குறைக்கிறாங்க. 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை'ன்னு எழுதணுமாம். ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒண்ணு இல்ல. அந்த ஒரு வரி வித்தியாசத்துல லட்சக்கணக்கான உயிர் சம்பந்தப்பட்ட கதை இருக்கு. அது நடந்தது நமக்குப் பக்கத்துலயே, தமிழ்நாட்டுல.

முதல்ல அடிப்படை. 'புதுசா ஒண்ணும் இல்லை, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை'ன்னு வச்சுக்கிட்டுத் தொடங்குறது இன்மைக் கருதுகோள், அதாவது நல் ஹைப்பாதிஸிஸ். அது உண்மைன்னா, நம்ம கையில இருக்கிற மாதிரி ஒரு முடிவு தற்செயலா வர எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பி-வேல்யூ. ரொம்பக் குறைவா இருந்தா கருதுகோளை நிராகரிக்கலாம். 5 சதவீதம்ங்கிற எல்லைக்கோட்டைப் பிரபலமாக்கினது ரொனால்ட் ஃபிஷர் 1925ல எழுதின புத்தகம். அதுக்கு முன்னாடியே, 1908ல, டி-டெஸ்ட்டுக்கு அடித்தளம் போட்டவர் வில்லியம் காசெட். அவர் பேராசிரியர் இல்ல, டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனி ஊழியர். அதனால இது பிசினஸ் பாடத்துக்கு வெளியிலேர்ந்து வந்த விருந்தாளி இல்ல, சொந்த வீட்டுப் பிள்ளைதான். பிறகு 1930களில் நெய்மனும் எகான் பியர்சனும் இன்னொரு தவறைப் பத்திப் பேசினாங்க: வித்தியாசம் உண்மையிலேயே இருந்தும் நாம அதைக் கண்டுபிடிக்காம விட்டுடுறது. டைப் டூ எரர். நம்ம கதை இந்த எரரைச் சுத்தித்தான்.

இப்போ 1956, சென்னை. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் பக்கத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் நிக்கிற 'சானடோரியம்' ஸ்டேஷன் பேரே அப்படி ஒரு மருத்துவமனையால வந்ததுதான். ஆனா நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகக் குறைவு. அதற்குள் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். போன்ற மருந்துகள் வந்துவிட்டன. மருந்துதான் குணப்படுத்துகிறது என்றால் படுக்கை எதற்கு? வீட்டிலேயே கொடுத்தால் என்ன?

இதைச் சோதிக்கத்தான் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தின மையம். தலைமை வாலஸ் ஃபாக்ஸ். புள்ளியியல் பக்கம் எஸ். ராதாகிருஷ்ணா. சென்னையின் ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஓராண்டு சானடோரியத்தில், மறுபாதி நெரிசலான சொந்த வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே. எந்தப் பக்கம் யார் என்பதை டாக்டரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை.

முடிவு 1959ல் வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். ஆய்வுக்கணக்கில் ஒவ்வொரு பக்கமும் 80 பேர் சொச்சம்தான்.

இதை அந்தத் தம்பியோட நோட்ல, அவன் சிலபஸ்ல இருக்கிற அதே ரெண்டு விகித இசட்-டெஸ்ட்டா போட்டுப் பார்த்தேன். இசட் சுமார் 1.2. பி-வேல்யூ சுமார் 0.2. அஞ்சு சதவீதக் கோட்டைத் தொடவே இல்லை. நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை.

'அப்போ வீடும் சானடோரியமும் சமம்!' அப்படின்னு சொல்லத் தோணும். அவசரப்படாதீங்க. அதே எண்களுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டா என்ன வருது தெரியுமா? வீட்டுச் சிகிச்சை 3, 4 புள்ளி மேலாகவும் இருக்கலாம், 15 புள்ளி மோசமாகவும் இருக்கலாம். நூறு பேருக்குப் பதினஞ்சு பேர்! இந்தச் சேம்பிள் சைஸ் அதை உறுதியா இல்லைன்னு தள்ளிவிடப் போதாது.

நம்ம தட்டாஞ்சாவடி மார்க்கெட் கமிட்டியை நினைச்சுக்கோங்க. நூறு மூட்டை மணிலா வந்து இறங்குது. ஒரு மூட்டையில குத்தூசியை விட்டு, கையில விழுந்ததைப் பார்த்து, 'சொத்தை காணோம்'ங்கிறார் ஒருத்தர். இன்னொருத்தர் நூறு மூட்டையிலயும் குத்திப் பார்த்துட்டு அதே வார்த்தையைச் சொல்றார். வார்த்தை ஒண்ணு, எடை வேற. 'ஆதாரம் கிடைக்கலை'ங்கிறதுக்குப் பின்னாடி எவ்வளவு தேடினோம்ங்கிறது இருக்கு.

அப்படின்னா சென்னை மையம் சொன்னது தப்பா? இல்லை. அவர்கள் அந்த ஒரு பி-வேல்யூவை மட்டும் நம்பி நிற்கவில்லை. பெரிய பயம் ஒன்று இருந்தது: நோயாளியை வீட்டிலேயே வைத்தால் குடும்பத்துக்குத் தொற்றிவிடாதா? நெருங்கிய உறவினர்களைத் தனியாகப் பின்தொடர்ந்தார்கள். சானடோரியம் போனவர்களின் குடும்பத்தைவிட வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்துக்கு நோய் அதிகம் வரவில்லை என்று 1960ல் எழுதினார்கள். நோயாளிகளை ஐந்து ஆண்டு தொடர்ந்தார்கள். அப்போதும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நிலை.

எல்லாத்தையும்விட முக்கியமான கேள்வி வேற. எதோட எதை ஒப்பிடுறோம்? பேப்பர்ல வீடா சானடோரியமா. நிஜத்துல பெரும்பாலான ஏழைக்குச் சானடோரியத்துல இடமே கிடையாது. அவனுக்கு முன்னாடி இருந்தது வீட்டுச் சிகிச்சையா, ஒண்ணுமே இல்லையா என்பதுதான். அந்தத் தராசுல 86 சதவீதம் ரொம்பப் பெரிய எண். 1962ல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியபோது வீட்டிலிருந்தே சிகிச்சை என்பதே அதன் அடிப்படை. காலப்போக்கில் உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன.

இப்போ ரெண்டாவது கதை. நூறு மூட்டையும் குத்திப் பார்த்த கதை.

பி.சி.ஜி.யை உருவாக்கியவர்கள் பிரான்ஸின் கால்மெட், கெரான். 1921லிருந்து மனிதர்களுக்குப் போடப்படுகிறது. 1948லேயே கிண்டியில் இதைத் தயாரிக்க ஆய்வகம் வந்துவிட்டது. 1950களின் நடுவில் ராஜாஜி இந்தத் தடுப்பூசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆனால் பிரிட்டனில் பள்ளிப்பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையில் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தெரிந்தது. இந்தியாவில் எவ்வளவு என்று அளக்க, 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரைச் சோதனையில் சேர்த்தார்கள். சமவாய்ப்பு முறையில் சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசி.

ஏழரை ஆண்டுத் தொடர்ச்சியின் முடிவு 1979-80ல் வந்தது. நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. உலகமே அதிர்ந்தது. 1999ல் வெளியான பதினைந்து ஆண்டுக் கணக்கிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு தெரிந்தது.

கவனிங்க. இங்கேயும் அதே வாக்கியம்தான்: நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை. ஆனா 160 பேர்ல சொல்றதுக்கும் இரண்டரை லட்சம் பேர்ல சொல்றதுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க. பிரிட்டன்ல பார்த்த அளவு பாதுகாப்பு இங்கே இருந்திருந்தா இவ்வளவு பெரிய வலையிலேர்ந்து அது நழுவியிருக்கவே முடியாது. 'தேடினோம், பெரிசா ஒண்ணும் இங்கே இல்லை'ன்னு கிட்டத்தட்ட அடிச்சுச் சொல்லலாம்.

அதுக்காக ராஜாஜி ஜெயிச்சுட்டார்னு எடுத்துக்க முடியுமா? முடியாது. அவரோட பெரிய கவலை ஊசி ஆபத்தானதுங்கிறது. செங்கல்பட்டுச் சோதனை கேட்ட கேள்வி, நுரையீரல் காசநோயைத் தடுக்குதாங்கிறது. ஒரு டெஸ்ட் தன்கிட்ட கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களை பி.சி.ஜி. தடுக்கும் என்பது வேறு ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் இந்தியாவில் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். இங்கே நுரையீரல் நோயை ஏன் தடுக்கவில்லை என்பதற்கு அதிகம் பேசப்படும் விளக்கம், நம் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகள். அவை முன்பே நம் உடலுக்குப் பழகிவிடுவதால் தடுப்பூசியின் கூடுதல் பலன் மறைந்துவிடுகிறது என்கிறார்கள்.

என் ஃபீல்டுல ஆப்ல ஒரு பட்டனை மாத்திட்டு, ரெண்டு நாள் சில நூறு யூசர்ஸ்கிட்ட ஓட்டிப் பார்த்து, 'நோ டிஃபரன்ஸ்'னு மீட்டிங்க முடிக்கிறது சகஜம். பட்டன்ல போனா போகட்டும். அதே பழக்கம் ஒரு மருந்துக்கோ அரசுத் திட்டத்துக்கோ வந்தா யாரோ ஒருத்தர் விலை கொடுக்கணும்.

அதனால இனிமே யாராவது 'ஆய்வுல வித்தியாசம் இல்லைன்னு வந்துடுச்சு'ன்னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க. எத்தனை பேர்கிட்ட பார்த்தாங்க? எவ்வளவு வித்தியாசம் இருந்திருந்தா இந்த ஆய்வு பிடிச்சிருக்கும்? தப்பா முடிவெடுத்தா அடி யாருக்கு? பரீட்சையில 'போதிய ஆதாரம் இல்லை'ன்னு எழுதும்போது, அந்தப் 'போதிய'ங்கிற வார்த்தையை அழுத்தி எழுதுங்க. முழு விஷயமும் அதுலதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.