காலிக் கோட்டை: நின்ற வீடுகளும் பெயர்ந்த குடிகளும்

காலிக் கோட்டையின் பழைய வீடுகள் இடிபடாமல் நின்றதற்கு முதற் காரணம் வறுமை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நிலக்கரி ஏற்றின. 1875இல் தொடங்கிய கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தபோது கப்பல்கள் அங்கே போய்விட்டன. பணமும் கூடவே போனது. பழைய வீட்டை இடித்துப் புதியது கட்ட எவருக்கும் வசதியில்லை.

போர்த்துக்கேயர் 1588இல் எழுப்பிய அரணை ஒல்லாந்தர் 1640இல் கைப்பற்றி, 1663 முதல் மதிலும் கொத்தளமுமாக விரிவாக்கினர். கடல் ஏற்றவற்றத்தால் தானே கழுவப்படும் நிலத்தடிச் சாக்கடை, 1755இல் கட்டிய தேவாலயம், தெருவை நோக்கித் தூண்கள் நிற்கும் தாழ்வார வீடுகள் எல்லாம் அவர்களுடையவை. அன்றைய தெருக்களில் ஒன்றுக்குச் சோனக (முஸ்லிம்) நடைவியாபாரிகளின் பெயரையே வைத்திருந்தனர். ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் கொழும்புக்கும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர, அவர்களின் வீடுகள் பலவற்றைச் சோனக வணிகர்கள் வாங்கினர். வெளிச்சவீட்டை அடுத்துள்ள மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் 1904இல் எழுந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைத் தேவாலயமென்றே எண்ணுவர்.

சட்டம் பின்னால்தான் வந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியல், 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கான தனிச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தவை வீட்டின் முகப்பு, உயரம், கூரை ஓடு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் கடலில் மூழ்கியபோது, ஒல்லாந்தர் மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. அதன் பின் நெதர்லாந்து அரசின் உதவியுடன் தனியார் வீடுகளின் முகப்புகளும் தாழ்வாரங்களும் பழுதுபார்க்கப்பட்டன.

இந்தப் பாதுகாப்பால் ஊர் செழித்தது என்பதில் ஐயமில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் கோட்டைக்குள் வீடு தேடினர். 2004இல் வெளிநாட்டவர் வாங்கும் சொத்துக்கு அதன் விலைக்குச் சமமான வரி விதிக்கப்பட்ட பின்னும் அந்த நாட்டம் அடங்கவில்லை. விடுதி, உணவகம், நகைக்கடை, 2007இல் தொடங்கிய இலக்கிய விழா எனக் கோட்டைக்கு மறுவாழ்வு கிடைத்தது. மாணிக்கக்கல் வணிகருக்கும் சமையலாளருக்கும் வழிகாட்டிகளுக்கும் வருமானம் வந்தது. ஆனால் விலை ஏறியதும், பல தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே போயின. உடன்பிறந்தார் பலர் பங்கு கொண்ட வீட்டைப் பராமரிப்பதைவிட விற்றுப் பிரிப்பது எளிது. பிள்ளைகள் விளையாடிய முற்றம் இன்று விருந்தினர் காலையுணவு உண்ணும் இடம். சுவர் என்ன சாந்தால் பூசப்பட வேண்டும் என்று சொல்லும் விதிகள், உள்ளே யார் வாழ வேண்டும் என்று பேசுவதில்லை. அது பெரிய குறை.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சோனக ஊர்களின் நிலை வேறு. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கடலோர வீடுகளைச் சுனாமி ஒரே காலையில் துடைத்தெடுத்தது. அதே கரையிலுள்ள ஒலுவிலில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது; அதைக் கட்டியதிலிருந்து கரை அரிப்பு ஊரைத் தின்கிறது. காலியைப் போல் பட்டியலிடத் தெரு முகப்புகள் இங்கே குறைவு. மிஞ்சியிருப்பவை மருதமுனைத் தறிகள், கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீத் நினைவாக ஆண்டுதோறும் ஏறும் கொடி, தாய்வழிக் குடிமுறை. மகளுக்குச் சீதனமாக வீடு போகும் இவ்வூர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார்; அக்காள் தங்கைகளின் வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து அமைகின்றன. இக்கரைக்கு மரபுரிமைத் திட்டம் எழுதுவோர் முதலில் கணக்கெடுக்க வேண்டியது இந்த வளவுகளைத்தான்.