இதய அழற்சியைக் காட்டிக்கொடுத்த கணக்கு

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறிக் கிண்டியில் இறங்கியிருப்பீர்கள். அங்கேதான் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் இருக்கிறது. 1899-இல் தொடங்கப்பட்ட இந்நிலையத்தில் பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரிக்கப்பட்டது. உங்கள் தாத்தா, பாட்டியின் கையில் காணும் வட்டத் தழும்பு அம்மை குத்தியதன் அடையாளம். பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டு அகன்றது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது.

அம்மைப்பாலால் காய்ச்சலும் கொப்புளமும் வருவது எல்லோரும் அறிந்ததே. ஆனால் மிகச் சிலருக்கு இதயத் தசை அழற்சியும் உண்டாகலாம் என்பது எளிதில் புலப்படவில்லை. ஏன்? கொப்புளம் கண்ணுக்குத் தெரியும். இதயத் தசையின் வீக்கம் தெரியாது. நெஞ்சுவலியும் படபடப்பும் வேறு பல காரணங்களாலும் வரும். எனவே, உள்ளே நடப்பதைக் காட்ட ஒரு கருவியும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கும் தேவைப்பட்டன.

கருவியைத் தந்தது இயற்பியல். காந்தப் புலத்தில் நிற்கும் மெல்லிய இழையில் மின்னோட்டம் பாய்ந்தால் இழை விலகும். இத்தத்துவத்தைக் கொண்டு, ஹாலந்து நாட்டு ஐந்தோவன் இதயத்தின் நுண்ணிய மின்துடிப்புகளை வரைந்து காட்டினார். இ.சி.ஜி. எனும் இம்முறைக்காக அவர் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். 1978-இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், பெரியம்மை உள்ளிட்ட பல தடுப்பூசிகள் போடப்பட்ட 234 படைவீரர்களுள் 8 பேரின் இ.சி.ஜி.யில் அழற்சியைக் குறிக்கும் மாற்றங்கள் தென்பட்டன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2002 டிசம்பரில் அமெரிக்கப் படையினருக்கு மீண்டும் அம்மை குத்தத் தொடங்கினர். முதன்முறை குத்திக்கொண்ட 2,30,734 பேரில் 18 பேருக்கு இதய அழற்சி கண்டது. அதாவது, இலட்சத்துக்கு 7.8 பேர். அம்மை குத்தாவிட்டாலும் அதே 30 நாள்களில் இலட்சத்துக்குச் சுமார் 2 பேருக்கு அது வந்திருக்கும். எனவே, மும்மடங்குக்கு மேற்பட்ட இந்த உயர்வு தற்செயலானதன்று.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் ஓர் இலட்சம் இளைஞர்களுக்கு அம்மை குத்துவதாகக் கொள்வோம். அந்த எட்டு நோயாளிகளும் எட்டு மருத்துவர்களிடம் போயிருந்தால், எவருக்கேனும் ஐயம் எழுந்திருக்குமா? எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்தால்தான் உண்மை தெரியும்.

2021-இல் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனாத் தடுப்பூசிகளிலும் இவ்வழியே உதவியது. பெரும்பாலும் இரண்டாம் ஊசிக்குப் பின், சில நாள்களுக்குள், இளம் ஆண்களிடம் இந்த அழற்சி அரிதாகக் காணப்பட்டது. பெரும்பாலோர் குணமடைந்தனர். இந்தியாவில் மிகப் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

இன்று இ.சி.ஜி.யுடன் வேறு சோதனைகளும் உண்டு. இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தை அளக்கலாம். வீங்கிய தசையில் மிகுந்துள்ள நீரை, ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தப் பண்பைக் கொண்டு எம்.ஆர்.ஐ. படம் காட்டிவிடும்.

பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூவர் வரை மாண்டனர். அதன் எதிரில் இலட்சத்துக்கு எட்டு என்பது சிறிய எண்ணே. ஆனாலும் அந்த எட்டுப் பேரையும் மறைக்காமல் எண்ணிச் சொல்வதால்தான் தடுப்பூசியை நாம் நம்ப முடிகிறது. ஊசி போட்ட சில நாள்களில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ படபடப்போ வந்தால் தயங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஊசி போட்ட தேதியையும் மறவாமல் சொல்லுங்கள்.