விளக்குமாறும் ஒயரில்லாத மெஷினும்

"மாமா, அம்மாச்சிக்கு ஒயர் இல்லாத வாக்குவம் கிளீனர் ஒன்னு வாங்கிக் குடுத்துருவமா? குனிஞ்சு கூட்ட முடியல அதுக்கு. இழுப்பு வேற." தங்கச்சி மகன் கேட்டான். டவுனில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குடா காசக் கரியாக்குற? வெளக்கமாறு என்ன செத்தா போச்சு?"

போடிநாயக்கனூரில் எங்கள் காலனி வீட்டில் நடந்த பேச்சு இது. வாங்கலாமா வேண்டாமா என்று நான் உடனே சொல்லவில்லை. விலையைப் பார்த்து மட்டும் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. கூட்டுகிற கை யாருடைய கை, அந்தக் கைக்கு இத்தனை நாளும் என்ன கிடைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் இதற்கு வர முடியும்.

போடியின் பிழைப்பு ஏலக்காய். மலையில் பறித்த காய் எஸ்டேட் ஸ்டோர்களில் காய்ந்து, மூட்டையாகி, ஏலத்துக்கும் வியாபாரத்துக்கும் கீழே இறங்கி வரும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்து எங்கள் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். ஏற முடியாதவர்கள் டவுனுக்குள் காய் ஆயப் போவார்கள். பருங்காய், நடுத்தரம், பொடி, வெடித்த காய் என்று தரம் பிரிக்கிற வேலை. எங்கம்மா அதற்குத்தான் போனது. ஆனால் வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் குடோனைக் கூட்டுவது அதன் தலையில் விழுந்தது. காய் ஆய்வதற்குப் பல சாதிப் பெண்களும் வந்தார்கள். கூட்டுவதற்கு மட்டும் காலனிப் பெண்தான் வேண்டும். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூலையில் கிடந்த விளக்குமாறு யார் கைக்கு வரவேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கூட்டியதை அப்படியே கொட்டிவிடவும் முடியாது. சல்லடையில் சலித்து, உதிர்ந்து கிடக்கும் ஏலரிசியைப் பொறுக்கி முதலாளியிடம் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். காய்க்காம்பும் காய்ந்த பூத்தூளும் மண்ணும் சேர்ந்த தூசி மட்டும் அதற்குச் சொந்தம். அம்மா சொல்லும்: "ஏலத்தூசி ஊருக்கே மணக்கும். நெஞ்சுக்குள்ள போனா மணக்காது." இன்றைய இழுப்பில் அந்தத் தூசிக்கு எவ்வளவு பங்கு என்று எந்த டாக்டரும் எங்களுக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

விளக்குமாற்றுக்கும் நமக்கும் உள்ள உறவு ஒரு குடோனில் தொடங்கியதல்ல. பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில், தான் நடந்த மண்ணைத் தானே பின்னால் கூட்டிக்கொண்டு போகும்படி தீண்டத்தகாதவன் இடுப்பில் துடைப்பம் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அழுக்கைக் கூட்டுவது அவன் வேலை என்றார்கள். அவன் காலடியையே அழுக்கு என்றும் சொன்னார்கள். அதே 1936இல்தான் காந்தியார் தமது 'ஹரிஜன்' ஏட்டில் இலட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டுகிறவனைக் கூட்டுகிற தொழிலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு அதைப் புனிதம் என்று புகழ்வது என்ன தர்மம் என்பதுதான் அம்பேத்கர் எழுப்பிய சண்டை.

நம் ஊர்ச் சண்டைகளிலும் இதைப் பார்க்கலாம். 'செருப்பால் அடிப்பேன்', 'வெளக்கமாத்தால அடிப்பேன்' இரண்டும்தான் பெரிய வசவு. ஒன்று தோல் வேலை செய்தவனின் பொருள், இன்னொன்று கூட்டியவளின் பொருள். அடியை விட அந்தப் பொருள் மேலே படுவதுதான் அவமானம். விளக்குமாறு இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் அது கதவுக்குப் பின்னால்தான் கிடக்க வேண்டும்.

இனி எந்திரத்தின் கதை. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் தூசியை உறிஞ்சும் எந்திரம் செய்தார். அது வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் தெருவில் நிற்கும். நீளக் குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே விட்டுக் கம்பளத் தூசியை இழுப்பார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டலுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கம்பளத்தைச் சுத்தம் செய்தது இந்த எந்திரம்தான். அரசர்களுக்கும் பணக்காரர்களுக்கும் பயன்பட்ட சாமான் அது.

வீட்டுக்குள் வந்த எந்திரத்துக்கு வேறு பிறப்பு. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் கேண்டன் ஊரில், ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். ஆஸ்துமாக்காரர். கூட்டக் கூட்ட மூச்சு முட்டியது. ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு தலையணை உறை, ஒரு துடைப்பக் கட்டை இவற்றைச் சேர்த்துக் கட்டித் தூசி உறிஞ்சும் கருவி செய்துகொண்டார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிப் பெருந்தொழிலாக்கிய ஹூவர் குடும்பத்தின் பெயர்தான் உலகத்துக்குத் தெரியும். கூட்டுகிறவனின் நெஞ்சுச்சளியிலிருந்து பிறந்த கருவி இது. விளம்பரங்களில் வரும் பளபளப்பான வீட்டுக்கும் சிரித்த பெண்ணுக்கும் பின்னால் இப்படி ஒரு தொழிலாளி இருக்கிறான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் இதை வீடு வீடாகப் போய் விற்றது. டை கட்டிய இளைஞர்கள் கதவைத் தட்டி, மெத்தையிலிருந்து உறிஞ்சிய மண்ணைக் காட்டுவார்கள். ஒயர் அறுந்த கதையும் அந்தக் காலத்ததுதான். நிலாவுக்குப் போனவர்கள் பாறையைத் துளைக்கப் பேட்டரிக் கருவி செய்து கொடுத்த பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி, 1979இல் கையடக்கமான ஒயரில்லா உறிஞ்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் லித்தியம் அயான் பேட்டரி கடைக்கு வந்த பிறகு, பின்னாளில் முழு வீட்டையும் கூட்டும் அளவுக்குக் கருவி வளர்ந்தது.

எந்திரம் வந்ததும் வேலை ஓய்ந்ததா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் இதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். வருடத்துக்கு ஓரிரு முறை ஆண்களும் வேலைக்காரர்களும் தூக்கிப் போய் அடித்துத் தட்டிய கம்பளத்தை, எந்திரம் வந்தபின் வீட்டுப் பெண் ஒருத்தியே வாராவாரம் சுத்தம் செய்தாள். வேலை குறையவில்லை. சுத்தம் என்பதன் அளவு உயர்ந்தது, கூட இருந்த கைகள் விலகிக்கொண்டன.

இதைச் சொன்னால் சிலர் 'அப்படியானால் எந்திரமே வேண்டாம்' என்பார்கள். அது நம் முடிவாக இருக்க முடியாது. 1945இல் வந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்ததென்ன' நூலில் அம்பேத்கர் தெளிவாக வாதிடுகிறார். விலங்கிலிருந்து மனிதனைப் பிரிப்பது பண்பாடு. பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு எந்திரம் வேண்டும். எந்திரத்தால் வரும் கேடு எந்திரத்தின் குற்றமல்ல, அதைச் சிலரின் உடைமையாக்கிய சமூகத்தின் குற்றம் என்றார். பெரியாரும் 'இனிவரும் உலக'த்தில் சட்டைப் பைக்குள் கம்பியில்லாத் தந்தி இருக்கும், மனித உழைப்பு குறையும் என்று கனவு கண்டார். சட்டைப் பைக்குள் செல்போன் வந்துவிட்டது. உழைப்பு யாருக்குக் குறைந்தது?

சோபா இடுக்கில் கிடக்கும் முடியை எடுக்க எந்திரம் இருக்கிற நாட்டில், சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்குகிறான். 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் சாவுக்குப் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது. 2018இல் பக்கத்துக் கேரளத்துத் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய ரோபோவே இறக்கிக் காட்டினார்கள். ஆக, எந்திரம் இல்லாமல் இல்லை. அது யாருடைய உடம்புக்காக வாங்கப்படுகிறது என்பதில்தான் சாதி நிற்கிறது.

எந்திரம் வரை போவானேன், கைப்பிடியின் நீளத்தையே பாருங்கள். தெருக் கூட்டுகிறவர்கள் மூங்கில் கழியில் கட்டி நின்று கூட்டுகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண் இன்றும் முழங்கை நீளத் துடைப்பத்தோடு குனிந்தே கிடக்கிறாள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களைக் குனியவைத்த குட்டைக் கைப்பிடி களைக்கொத்தியை எதிர்த்துப் போராடி 1975இல் தடை வாங்கினார்கள். முதுகை ஒடிக்கும் கருவி என்பது அங்கே வழக்காயிற்று. நம்மிடம் ஒரு கழியை நீட்டிக் கட்ட ஆகும் செலவு சொற்பம். அதைக்கூட எந்த எஜமானியும் தானாகச் செய்வதில்லை. நாமும் கேட்டதில்லை.

சரி, வீட்டுக்கு வாங்கலாமா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒயரில்லாத மெஷின் சில ஆயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேலும் விற்கிறது. பெட்டியில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால் அது குறைந்த வேகத்தில். முழு வேகத்தில் பத்து நிமிஷம் ஓடினாலே பெரிது. சில வருடங்களில் பேட்டரி தளரும். மாற்றுப் பேட்டரி கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். எடை இரண்டு மூன்று கிலோ, முதுகிலிருந்து இறங்கும் பாரம் மணிக்கட்டில் ஏறும். சாணி மெழுகிய தரைக்கு ஆகாது. தொகுப்பு வீட்டின் ஒற்றை அறைச் சிமெண்ட் தரையைப் பெருக்க விளக்குமாறே போதும். கம்பளமோ மெத்தை நாற்காலியோ இல்லாத வீட்டில் அதன் பாதித் திறமைக்கு வேலையே இல்லை. இதே பணத்துக்கு ஒயர் உள்ளது கூடுதல் இழுவிசையோடு கிடைக்கும்.

ஆனால் ஒன்று உண்மை. விளக்குமாறு பெருந்தூசியைத் தள்ளும், நுண்தூசியைக் கிளப்பிவிடும். அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நல்ல 'ஹெப்பா' வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். உறிஞ்சிய காற்று வேறு இடுக்கில் கசியாமல் இருந்தால்தான் அதுவும். இழுப்பு உள்ளவர்கள், குனிய முடியாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ஆடம்பரம் இல்லை. டப்பாவைக் காலி செய்வது மட்டும் அவர்கள் வேலையாக இருக்கக் கூடாது.

காலி செய்த தூசி எங்கே போகிறது என்றும் யோசியுங்கள். செத்த பேட்டரியைக் குப்பையில் போட்டால், வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். அந்த வண்டியில் நிற்பவர் நம் ஆள். எங்கள் பக்கத்து நகராட்சிகளில் பெரும்பாலும் அருந்ததியர். தோட்டி என்றார்கள், துப்புரவுப் பணியாளர் என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள். பெயர்ப் பலகை மாறியது, குப்பை வண்டியில் நிற்கும் சாதி மாறவில்லை. பழைய பேட்டரியை விற்ற கம்பெனியே திரும்பப் பெறவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு விதி. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஆள் வைத்துக் கூட்டச் சொல்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மெஷின் வாங்கியதும் அந்தப் பெண்ணை நிறுத்திவிடாதீர்கள். மெஷினை அவள் கையில் கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் வந்தது. வீட்டு வேலையையும் தொழிலாக மதிக்கச் சொன்ன 2011ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. மருமகனிடம் கேட்டேன்: "மெஷின் வாங்குனா யாருடா கூட்டுவா?" அவன் முழித்தான். அம்மாச்சிக்கு மெஷின் என்றுதானே நினைத்தான், தான் கூட்டுவதாக நினைக்கவில்லை. நானும் அறுபது வயதுக்குள் எத்தனை நாள் கூட்டியிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊர் நம் தலையில் கட்டிய விளக்குமாற்றை, நாம் நம் பெண்கள் தலையில் கட்டியிருக்கிறோம். மேடையில் பேசும்போது இது மறந்துபோகிறது.

இப்போதைக்கு நீளக் கழி போட்ட விளக்குமாறு ஒன்று வாங்கியிருக்கிறோம். மெஷினுக்கு மாதாமாதம் பணம் போட்டு வருகிறோம், அம்மாவின் நெஞ்சுக்கு அது தேவைதான். அதுவரை காலையில் மருமகன் கூட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை நான். "மூலைய விட்டுட்டுப் போற பாரு" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா அதட்டுகிறது. வாழ்நாள் முழுக்க அதைப் பிறர் அதட்டிய வேலை அது.