இலண்டனின் நிலக்கீழ்க் கால்வாய்கள்

சில வருடங்களுக்கு முன்னர் இலண்டன் சென்றிருந்தபோது, ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் பல்கலைக்கழகக் கால நண்பர் மாலை நடைக்கு என்னை அழைத்துச் சென்றார். அயல் வீதிகளைவிட உயர்ந்த மேட்டில் பெக்டன் வரை செல்லும் நீண்ட பாதை அது. கிறீன்வே என்று பெயர். பத்து வருடங்களாக அதில் நடந்துவரும் நண்பருக்கு, தமது காலடியில் வட இலண்டனின் கழிவுநீர் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கவில்லை!

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனின் கழிவு முழுவதும் தேம்ஸ் நதியில்தான் கலந்தது. மலக்குழிகளை மூடி, வீட்டுக் கழிவைக் கால்வாய்களில் விடுமாறு 1840களில் அதிகாரிகள் உத்தரவிட்டனர். நல்லெண்ணத்துடன் செய்த காரியம் நதியைக் கெடுத்தது. அதே நதியிலிருந்துதான் பலருக்குக் குடிநீரும் கிடைத்தது. 1848-49 இல் கொலரா 14 ஆயிரத்துக்கும் அதிகமான இலண்டன்வாசிகளைப் பலிகொண்டது.

1854 இல் சோஹோவின் புறோட் வீதியில் அந்நோய் மீண்டும் பரவியபோது, இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்த வைத்தியர் ஜோன் ஸ்னோ, அங்கிருந்த குழாய்க்கிணற்று நீரே காரணம் என்றார். பெரும்பாலானோர் நம்பவில்லை. துர்நாற்றமே நோயைத் தருகிறது என்பது அக்காலத்துக் கொள்கை.

1858 ஜூனில் கடும் வெப்பத்தால் தேம்ஸ் நாறியது. நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரைட் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. பல்லாயிரம் மரணங்கள் சாதிக்காததை உறுப்பினர்களின் மூக்குகள் சாதித்தன. ஓகஸ்டில் சட்டம் நிறைவேறியது. ஸ்னோ அதைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் மாதத்திலேயே காலமாகிவிட்டார்.

மாநகர வேலைகள் சபையின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட் 82 மைல் நீளமான பிரதான கால்வாய்களை அமைத்தார். 30 கோடிக்கும் அதிகமான செங்கற்கள் செலவாகின. கழிவு நகரின் நடுவே நதியில் விழாமல் கிழக்கே வெகுதூரம் கொண்டுசெல்லப்பட்டது. நாற்றத்தை ஒழிக்கக் கட்டிய கால்வாய் குடிநீரைக் காத்தது. பிழையான கொள்கையால் விளைந்த சரியான வேலை.

ஆனால் 1866 இல் கொலரா மீண்டும் வந்தது. புதிய கால்வாய்கள் இயங்கிய பகுதிகள் பெரும்பாலும் தப்பின. வேலை முற்றுப்பெறாதிருந்த கிழக்கு இலண்டனில், குடிநீரில் கழிவு கலந்தது. அவ்வருடம் இலண்டனில் இறந்த 5 ஆயிரத்துக்கும் அதிகமானோரில் பெரும்பாலானவர்கள் அப்பகுதியின் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தினர். அப்பகுதிக்குக் கழிவு இறைக்கும் அபி மில்ஸ் நிலையம் 1868 இல்தான் இயங்கத் தொடங்கியது.

பசல்ஜெட்டின் கால்வாய்கள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றின் சுமையைக் குறைக்க நிர்மாணித்த 25 கிலோமீற்றர் சுரங்கக் கால்வாய் 2025 இல் முழுமையாக இணைக்கப்பட்டது.

ஒரு நகரம் நன்றாக இயங்குகிறதா என்பதை அதன் மாடிக்கட்டடங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசி ஒழுங்கைக்கும் கால்வாய் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். பத்திரிகையாளனாக எத்தனையோ கட்டடத் திறப்பு விழாக்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு கழிவுநீர்க் கால்வாயைப் பற்றி முதற்பக்கத்தில் எழுதியதாக ஞாபகமில்லை. மழை பெய்து வீதி வெள்ளக்காடாகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குற்ற உணர்வு என்னை உறுத்துகிறது.