குதிரை எலும்பியல்

குதிரையின் எலும்புகளுடைய வடிவம், தொகை, மூட்டமைப்பு ஆகியவற்றை ஆராயும் துறை. எலும்புகளின் தொகை 205 என்று பாடநூல்கள் பொதுவாகக் கூறும். ஆயினும் வால் முள்ளெலும்புகள் 15 முதல் 21 வரை வேறுபடுவதால் இது சராசரிக் கணக்கேயாகும். அரபுக் குதிரைக்கு இடுப்பு முள்ளெலும்புகள் ஆறுக்குப் பதிலாக ஐந்தே என்ற கூற்றும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவ்வினத்தில் ஐந்து உடையவையும் ஆறு உடையவையும் காணப்படுவதாலும், பிற இனங்களிலும் ஐந்து தென்படுவதாலும், இதனை இன அடையாளமாகக் கொள்ளுதல் பொருந்துமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. முன்னங்கால்கள் தசைகளாலேயே உடலோடு பிணைக்கப்பட்டுள்ளன. முன்னங்காலில் முழங்கால் என்று சவாரிக்காரர் சொல்லும் இடம் மெய்யாக மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னோக்கிப் புடைத்து நிற்பது குதிகால். குளம்போ ஒற்றை நடுவிரலின் நகம். இவ்வளவு பெரிய பிராணி நான்கு விரல் நுனிகளின்மேல் நிற்கிறது என்பதைப் படித்து அறிந்தவரும், எலும்புக்கூட்டை நேரில் காணும்போது ஒரு கணம் தயங்கவே செய்வர்.

பண்டைக் காலம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஸெனபன், குதிரை வாங்குவோர் முதலில் பாதங்களையே சோதிக்க வேண்டும் என்று எழுதினார். அரிஸ்டாட்டில், குதிரையின் இதயத்திலும் ஒருவகை மாட்டின் இதயத்திலும் எலும்பு உண்டு என்றார். மாட்டைப் பற்றிய வரையில் அது மெய். குதிரையில் அவ்விடத்திலுள்ளது பெரும்பாலும் குருத்தெலும்பே, முதிர்ந்தவற்றில் சில வேளை எலும்பாக இறுகும். சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழி அசுவ சாஸ்திரம் குதிரையின் லக்ஷணங்களையும் சிகிச்சையையும் விரித்துரைப்பது.

இடைக்காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜோர்டானஸ் ரூபஸ் இயற்றிய அசுவ வைத்திய நூல், கால் எலும்பு நோய்களைப் பற்றிப் பேசுகிறது.

ரூயீனி. இத்துறையின் முதற் பெருநூல் பொலோனா நகரத்துச் செனட்டர் கார்லோ ரூயீனியின் பெயரால் 1598இல் வெளிவந்தது. மனிதனல்லாத ஒரே பிராணியின் உடற்கூற்றை முழுமையாக எடுத்துரைத்த முதல் அச்சு நூல் இதுவே என்பர். ஆசிரியர் அவ்வாண்டிலேயே காலமானார். மருத்துவரல்லாத ஒரு பிரபு இத்தகைய நூலைத் தாமே இயற்றியிருக்கக்கூடுமா என்று ஐயுற்றோர் உளர். அதிலுள்ள மரச்செதுக்குச் சித்திரங்களை வரைந்தவர் யார் என்பதும் தெளிவுபடவில்லை. லியனார்டோ டா வின்சி குதிரையின் உடற்கூற்றைப் பற்றி எழுதி, பின்னர் அழிந்துபட்டதாகக் கலைஞர் வரலாறு எழுதிய வஸாரி குறிப்பிடும் நூலோடு இவற்றைத் தொடர்புபடுத்தியவர்களும் உண்டு. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் லாடக்காரரான ஆண்ட்ரூ ஸ்னேப் 1683இல் லண்டனில் வெளியிட்ட நூலின் சித்திரங்களுள் பல ரூயீனியினுடையவற்றைப் பார்த்துப் படியெடுத்தவை.

ஸ்டப்ஸ். லிவர்பூலில் தோல் பதனிடுபவரின் மகனாக 1724இல் பிறந்த ஜார்ஜ் ஸ்டப்ஸ் தொழிலால் ஓவியர். யார்க் நகரில் இருந்த காலத்தில் ஜான் பர்ட்டன் என்ற மருத்துவரின் பிரசவ நூலுக்கு (1751) அவரே செப்புத் தகடு செதுக்கிப் பழகினார். பின்னர், 1756ஆம் ஆண்டை ஒட்டி, லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டை அமர்த்திக்கொண்டு, ஏறத்தாழ 18 மாதங்கள் குதிரைகளை அறுத்து ஆராய்வதிலேயே கழித்தார். குதிரையின் கழுத்து நாளத்தைத் திறந்து இரத்தத்தை வடித்துக் கொன்று, நாளங்களில் உருக்கிய கொழுப்பைச் செலுத்தி, உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட இரும்புத் தண்டிலும் கொக்கிகளிலும் உடலை மாட்டி, குளம்புகளை ஒரு பலகையின்மேல் பொருத்தி, உயிரோடு நடந்து செல்வது போன்ற நிலையில் அதனை நிறுத்திவைத்து, தோல், தசை, நரம்பு என்று அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே போய் இறுதியில் எலும்பை அடைவது அவருடைய முறை. ஒரே உடல் இவ்வாறு 11 வாரங்கள் தொங்கியதாகச் செய்தி உண்டு. அவ்வீட்டின் நாற்றத்தைப் பற்றிச் சரித்திரக்காரர் அதிகம் பேசுவதில்லை. உடனிருந்து உதவிய மேரி ஸ்பென்ஸரைப் பற்றியும் அவ்வாறே. அவ்வம்மையார் ஸ்டப்ஸுக்கு என்ன முறை என்பதிலும் குறிப்புகள் ஒத்துப்போகவில்லை.

இவ்வாறு வரைந்த படங்களைத் தகட்டில் செதுக்கும் வேலையைச் செதுக்குவோர் எவரும் ஏற்க முன்வராமையால், பகலெல்லாம் பிரபுக்களுக்குப் படம் எழுதி, விடியற்காலையிலும் இரவிலும் தகடுகளைத் தாமே செதுக்கி, 1766இல் 18 சித்திரங்களோடு ‘குதிரையின் உடற்கூறு’ என்ற நூலை வெளியிட்டார். முதல் மூன்று சித்திரங்கள் எலும்புக்கூட்டைப் பக்கம், முன், பின் ஆகிய நோக்குகளில் காட்டுவன. அவற்றில் எலும்புக்கூடு அசைவற்றுக் கிடக்கும் பொருளாகத் தோன்றாது. ஒரு காலை எடுத்து அடுத்த அடி வைக்கவிருக்கும் பிராணியாகவே நிற்கிறது. ஹாலந்து தேசத்து உடற்கூற்று அறிஞர் பேட்ரஸ் காம்பர் இந்நூலை வியந்து பாராட்டினார். மூல வரைபடங்கள் பல லண்டன் ராயல் அகாடமியில் உள்ளன.

கல்லூரிகள். லியோனில் 1761இல் கிளாட் பூர்ஷெலா நிறுவிய கால்நடை மருத்துவப் பள்ளியே ஐரோப்பாவில் முதலாவது. அங்கே பயின்ற வியால் த ஸான்பெல், தோல்வியே அறியாத பந்தயக் குதிரையான எக்லிப்ஸ் 1789இல் இறந்தபோது அதனை அறுத்து ஆராய்ந்து, அதன் அளவுகளை 1791இல் நூலாக்கினார். அவ்வாண்டு லண்டனில் தோன்றிய கால்நடைக் கல்லூரிக்கு முதற் பேராசிரியருமானார். எக்லிப்ஸினுடையது என்ற எலும்புக்கூடு அந்நிறுவனத்தில் இன்றும் உள்ளது. ஆனால் வேறு சில எலும்புக்கூடுகளும் ஒரு காலத்தில் அதே பெயரைக் கோரின என்பதால் அதன் மெய்ம்மை குறித்து ஐயம் எழுந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷோவோ பிரெஞ்சு மொழியிலும், 1910இல் செப்டிமஸ் சிஸ்ஸன் ஆங்கிலத்திலும் எழுதிய பாடநூல்கள் பெரிதும் கையாளப்பட்டன.

அண்மைக் காலம். எலும்புகளின் லத்தீன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் சர்வதேசப் பட்டியல் 1968இல் முதன்முறையாக வெளிவந்தது. கஸக்ஸ்தானின் போடாய் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 5,500 ஆண்டுகட்கு முற்பட்ட பற்களில் காணும் தேய்வு கடிவாளத்தால் நேர்ந்ததா, இயல்பானதா என்பது விவாதத்தில் உள்ளது. குதிரையின் பாதத்தில் ஐந்து விரல்களின் சுவடுகளும் எஞ்சியுள்ளன என்று 2018இல் சிலர் எழுதினர்.