தேதி தெரியாதவர்களின் ஜனவரி 1

விண்ணப்பப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: நாள், மாதம், வருடம். நிரப்பி அனுப்பியதும் கணினி அவற்றை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. மூன்றையும் உருக்கி ஒற்றைக் காலப் புள்ளியாக வார்க்கிறது. 'ஐப்பசி மழையில பொறந்தவன்', 'புயல் அடிச்ச வருஷம்' என்கிற நினைவுகளுக்கு அந்த வார்ப்பில் இடமில்லை. இதை நிரல் எழுதுகிறவர்களின் தலைவலி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. யாருடைய காலம் கணக்கில் ஏறும், யாருடையது ஏறாது என்று தீர்மானமாகிற இடம் இது.

இந்த வார்ப்புக்கு வரலாறு உண்டு. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் முதல் கையேடு (1971), அந்த வருட ஜனவரி 1ஐத் தொடக்கமாக வைத்து, நொடியை அறுபது கூறாக்கி எண்ணியது. 32 பிட்டுக்குள் அது இரண்டேகால் வருடத்துக்கு மேல் தாங்காது. பிறகு முழு நொடிகளாக எண்ணினார்கள்; தொடக்கம் 1970 ஜனவரி 1 என்று நிலைபெற்றது. அந்த நாளுக்கு எந்த மகத்துவமும் கிடையாது, வசதிக்காக வைத்த புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் பிறந்தவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் கழித்தல் குறி போட்ட எண்களாகிப் போனார்கள்.

எழுதும் முறையிலும் சண்டை உண்டு. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. 1988இல் வந்த சர்வதேசத் தரம் 8601 வருடம், மாதம், நாள் என்று வரிசையை முடிவு செய்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதினால்? 69 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 00 முதல் 68 வரை இந்த நூற்றாண்டு என்பது யூனிக்ஸ் வழி வந்த விதி. பைத்தான் மொழியும் இதையே பின்பற்றுகிறது. 50 என்று எழுதிய கிழவி 2050இல் பிறக்கிறாள்! நம் விக்ருதி வருடமும் 1950இல் வந்தது, 2010இல் திரும்ப வந்தது. ஆனால் கேட்கிறவர் ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்வார். படிவத்துக்கு எதிரே ஆள் இல்லை.

பிப்ரவரி 30 என்று மூன்று எண்களாகக் கொடுத்தால், 1995இல் பத்தே நாளில் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவிடும். பைத்தான் பிழை என்று திருப்பியனுப்பும். ஒன்று திருத்துகிறது, இன்னொன்று விரட்டுகிறது. 'தெரியாதுங்க' என்ற பதில் இரண்டுக்குமே கேட்பதில்லை.

இது தொழில்நுட்பத்தின் விதி என்று சொல்வதும் பொய். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் தெரியாத நாளுக்கும் மாதத்துக்கும் பூஜ்யம் போட அனுமதித்தது. முழுப் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கென்றே அந்த வசதி. 2015இல் வந்த 5.7 பதிப்பு இயல்பான அமைப்பிலேயே அந்த வாசலைச் சாத்தியது. 8601இன் 2019ஆம் வருட இரண்டாம் பகுதியோ தெரியாத இலக்கத்தையும் உத்தேசத் தேதியையும் குறிக்க வழி தந்தது. வழி இருக்கிறது, படிவம் போடுகிறவர்கள்தான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

விளைவு? சூடானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அமெரிக்கா போன அகதிகள் பலருக்கு ஆவணத்தில் பிறந்தநாள் ஜனவரி 1. இங்கே ஆதார் பதிவில் 'உத்தேசம்' என்ற வகை உண்டு. தொடக்க கால அட்டைகள் பலவற்றில் வருடம் மட்டுமே அச்சாகியிருந்தது. ஆனால் முழுத் தேதி கேட்கும் அடுத்த படிவத்தில் அந்த உத்தேசம் ஜனவரி 1 ஆகி, சந்தேகமற்ற உண்மை போல உட்கார்ந்துவிடுகிறது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதுக்கு ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழே பொருத்தம் என்றது உச்ச நீதிமன்றம். சரி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் எதைக் காட்டுவார்?

முதியோர் உதவித்தொகை, வேலை, இழப்பீடு எல்லாம் அந்தப் புள்ளியில் தொங்குகின்றன. தெரியாது என்பது பிழையல்ல, அதுவும் ஒரு தகவல்தான். பதிவேடு இல்லாத குடிசையில் பிறந்த உடம்பின் வரலாறு அது. அதை எழுத ஒரு கட்டம் கேட்பது அரசியல் கோரிக்கை; அதை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.