ஸ்பென்சரும் ஒரு கடற்கரை வயலும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டதும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அயர்லாந்தில் பார்த்த ஒரு வயலைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம் வகுப்பறையோடு சம்பந்தப்பட்டதுதான்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களால் எட்மண்ட் ஸ்பென்சரை மறக்க முடியுமா? 'கவிஞர்களின் கவிஞர்' என்று ஆரம்பித்து, 'ஃபேரி குயீன்' பற்றி இரண்டு பக்கம் நெட்டுருப் போட்டு வைத்திருப்போம். அவர் அயர்லாந்தில் உத்தியோகம் பார்த்தார் என்று ஒரு வரி நோட்ஸில் இருந்தது. என்ன உத்தியோகம் என்று நான் கேட்கவில்லை.

அயர்லாந்தின் தென்மேற்கில், கெரி மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது டிங்கிள் தீபகற்பம். டிராலி ஊரிலிருந்து டிங்கிள் ஊர் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் கல் அடுக்கிய வேலிகளுக்குள் ஆடுகள். மேற்குக் கோடியில் இன்றும் ஐரிஷ் மொழி பேசுகிறார்கள்.

முதலில் கேலரஸ் என்ற சிறு ஜெபக்கூடத்தைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருக்கிறது. சாந்து பூசாமல், ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்றே உள்வாங்கி அடுக்கி, உச்சியில் மூடிவிட்டார்கள். ஏழாம் நூற்றாண்டா, பன்னிரண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எதுவானாலும் பல நூறு வருஷத்து மழையைத் தாங்கி நிற்கிறது!

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஸ்மெரிக் துறைமுகக் கரை. அதில் 'தங்கக் கோட்டை' என்று பொருள்படும் டூன் அன் ஓர். பெயர்தான் தங்கம்; மண்மேட்டையும் பள்ளத்தையும் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து வயலுக்கு 'தலைகளின் வயல்' என்று பெயர்.

பெயர்க் காரணம் இதுதான். முதலாம் எலிசபெத் அரசிக்கு எதிராக டெஸ்மண்ட் பிரபுவின் கலகம் நடந்த சமயம், அதற்கு உதவியாகப் போப்பாண்டவர் அனுப்பிய இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் 1580-இல் இக்கோட்டையில் இறங்கினார்கள். நவம்பரில் அரசப் பிரதிநிதி லார்ட் கிரே நிலவழியே வளைத்தார். கடலில் ஆங்கிலக் கப்பல்கள். மூன்றே நாளில் உள்ளே இருந்தவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைந்தார்கள். அதன் பிறகு சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள்.

அந்த லார்ட் கிரேயின் காரியதரிசிதான் நம்முடைய ஸ்பென்சர்.

பிற்காலத்தில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய உரைநடை நூலில் அவர் கிரே செய்தது சரியே என்று வாதாடினார். 1596-இல் வெளிவந்த 'ஃபேரி குயீன்' ஐந்தாம் பாகத்தில் நீதியின் வீரனாக வரும் ஆர்டிகலுக்கு கிரேதான் மாதிரி என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த ஆர்டிகலின் குணநலன்களை எழுதித்தானே நான் மார்க் வாங்கினேன்! தலைகள் செதுக்கிய நினைவுக் கல்லின் முன் நின்றபோது வெட்கமாகத்தான் இருந்தது.

அங்கிருந்து டன்க்வின் கரைக்குப் போனால் எதிரே பெரிய பிளாஸ்கெட் தீவு. மீன்பிடித்தும் கொஞ்சம் பயிர் வைத்தும் வாழ்ந்த ஜனங்கள் அங்கே இருந்தார்கள். பிழைப்புத் தேடி இளவட்டங்கள் போய்விட, மிஞ்சிய சிலரையும் 1953 நவம்பரில் அரசாங்கம் கரைக்குக் கொண்டு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்தத் தீவு தன் கதையைத் தானே எழுதிக்கொண்டது. மீனவர் தோமாஸ் ஓ கிரிஹன் தம் வாழ்க்கையை ஐரிஷ் மொழியில் எழுதி 1929-இல் புத்தகமாக வந்தது. ஐரிஷில் எழுதக் கற்றிராத பெக் சேயர்ஸ் அம்மாள் சொல்லச் சொல்ல மகன் எழுதிய நூல் 1936-இல் வந்தது. பிறகு அந்நாட்டுப் பள்ளிகளில் பாடமாகவும் இருந்தது.

ஓர் ஊரைப் பற்றி அதிகாரியின் காரியதரிசியும் எழுதலாம், அந்த ஊர்க்காரனும் எழுதலாம். எனக்குப் பாடமாகக் கிடைத்தது முதலாவது மட்டும்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளே! ஸ்பென்சரைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கவிதை நல்ல கவிதைதான். படிக்கும்போது, 'இவர் எங்கே நின்றுகொண்டு இதை எழுதினார்?' என்று உங்கள் ஆசிரியரிடம் ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.